கழுத்தில் வியர்வை, கையில் குளிர்: குழந்தை உள்ளாடை ஒன்றைத் திருத்திய விவரம்

## பின்னணி

நாங்கள் நான்கு பேர். பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வடிவம், போடுவது நான். துணி வெட்ட ஒருவர், தைக்க ஒருவர். நான்காமவர் பிறந்த குழந்தைகள் வார்டில் பல வருடம் வேலை பார்த்த செவிலியர். எங்களுக்கு ஆலோசனை சொல்ல வந்தவர். ஆறு மாதம் வரையுள்ள குழந்தைகள் குளிர்காலத்தில் உள்ளே போட்டுக்கொள்கிற ஓர் ஆடையைத் தயாரித்துத் தரும்படி ஒருவர் கேட்டிருந்தார். முழுக்கை வைத்து, டயப்பருக்கு அடியில் பிரஸ் பட்டன் போட்டு மூடுகிற பாடிசூட். அளவு மூன்று: 56, 62, 68. இந்த எண்கள் குழந்தையின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிப்பவை. பிறக்கும்போது ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் இருக்கிற குழந்தை மூன்று மாதத்தில் 61ஐத் தொடும், ஆறு மாதத்தில் 67க்குப் பக்கத்தில் நிற்கும்.

கேட்டவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "தொட்டுப் பார்த்தாலே கதகதப்பா இருக்கணும்." பிசகு அந்த வாக்கியத்திலேயே இருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. தொட்டுப் பார்ப்பது யார்?

முதல் சாம்பிளுக்கு 280 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பருத்தி ஃபிளீஸ் எடுத்தோம். உள்பக்கம் பிரஷ் செய்து பூமயிர் எழுப்பிய துணி. வட்டக் கழுத்து, இடது தோளில் இரண்டு பட்டன். தையல் எல்லாம் ஓவர்லாக், அதாவது துணி ஓரத்தை நூலால் சுற்றி மேடாக நிற்கிற தையல், வழக்கம்போல உள்பக்கமாக. பிடரியில் அளவு லேபிள். அழகுக்காகக் கழுத்தில் முனை தொங்குகிற சின்ன ரிப்பன். மேசையில் வைத்ததும் ஆளாளுக்குப் புறங்கையால் தடவிப் பார்த்தோம். "பஞ்சு மாதிரி இருக்கே" என்றார் வெட்டுகிறவர். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

செவிலியர் மட்டும் ரிப்பனைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, வெட்டிவிடச் சொன்னார். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஆடையில் தலை, கழுத்துப் பகுதியில் கயிறோ நாடாவோ இருக்கக் கூடாது என்பது ஈஎன் 14682 என்ற ஐரோப்பியத் தரத்தின் விதி. அந்தத் தரம் இல்லாவிட்டாலும், கழுத்தருகே தொங்குகிற எதையும் பச்சிளங்குழந்தைக்குப் போடக் கூடாது. வெட்டிவிட்டோம். மற்றதெல்லாம் அப்படியே வீடுகளுக்குப் போயிற்று.

## முதல் சுற்று: எட்டு வீடுகள்

எட்டு வீடுகள், வீட்டுக்கு மூன்று உருப்படி, இரண்டு வாரம். கூடவே ஒரு நோட்டு. அறை எவ்வளவு குளிர், மேலே என்னென்ன போட்டிருக்கிறார்கள், உடுத்த எவ்வளவு நேரம் ஆகிறது, குழந்தை அழுததா, தோலில் ஏதாவது தடம் தெரிகிறதா என்று தினமும் எழுதச் சொன்னோம். "பிடரி ஈரமா, காய்ந்திருக்கிறதா" என்ற கட்டத்தைச் செவிலியர் தன் கையால் கோடு போட்டுச் சேர்த்தார். அது எதற்கு என்று நான் நினைத்தேன், வாய்விட்டுக் கேட்கவில்லை.

மாதம் நிறையாமல் பிறந்த குழந்தை இருந்த ஒரு வீடும் ஆர்வமாக வந்தது. செவிலியர் மறுத்துவிட்டார். குறைமாதக் குழந்தையின் உடல் சூட்டைக் காப்பது மருத்துவர் மேற்பார்வையில் நடக்க வேண்டிய காரியம், சாம்பிள் போட்டுப் பார்க்கிற இடமல்ல என்றார். சரியான முடிவு.

முதல் வாரம் முடிந்து நோட்டுகளைப் புரட்டியபோது குழம்பிப்போனோம். ஐந்து வீடுகளில் "குளிர்கிறது போலிருக்கிறது, துணி போதவில்லை" என்று எழுதியிருந்தது. நான்கு வீடுகளில் "வியர்க்கிறது". கூட்டினால் ஒன்பது, வீடுகளோ எட்டு. இரண்டு வீடுகளில் ஒரே குழந்தைக்கு, ஒரே நாளில், இரண்டையும் எழுதியிருந்தார்கள். யாரோ கவனக்குறைவாக எழுதியிருப்பார்கள் என்று நானும் தைப்பவரும் பேசிக்கொண்டோம். செவிலியர் ஒன்றும் சொல்லாமல், அந்த இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

## நேரில் கண்டது

நான்கு மாதக் குழந்தை. கட்டிலில் மல்லாந்து கிடந்தது. எங்கள் பாடிசூட், அதன்மேல் முழுக்கால் உடை, அதற்கு மேல் ஸ்வெட்டர், தலையில் குல்லா, காலில் இரண்டு ஜோடி சாக்ஸ்.

"கையைத் தொட்டுப் பாருங்கக்கா, ஐஸ் மாதிரி இருக்கு. அதான் ஸ்வெட்டர் போட்டேன்" என்றார் தாய்.

தொட்டேன். ஜில்லென்றுதான் இருந்தது. விரல் நுனிகளில் லேசான நீலமும் தெரிந்தது.

"கையை விடுங்கம்மா. இங்க வச்சுப் பாருங்க" என்று செவிலியர் தாயின் இரண்டு விரலைப் பிடித்துக் குழந்தையின் பிடரிக்கு அடியில் நுழைத்தார். தாய் கையை எடுத்து விரல்களைப் பார்த்தார். பளபளவென்று ஈரம்.

பிறகு ஆடையைக் கழற்றினோம். என் வேலையை என் கண்ணாலேயே பார்க்க வேண்டியிருந்தது. ஸ்வெட்டரும் முழுக்கால் உடையும் சிரமமில்லாமல் வந்துவிட்டன. எங்கள் பாடிசூட்டின் கழுத்து நெற்றியில் போய் நின்றுகொண்டது. தோளில் பட்டனைத் திறந்திருந்தும் போதவில்லை. துணி முகத்தை மூடிய அந்தச் சில நொடிகளில் குழந்தை மூச்சை அடக்கி, பிறகு வீறிட்டது. தாய் ஒரு கையால் தலையைத் தாங்கி, மறு கையால் கழுத்தை அகட்டி, ஒருவழியாக உருவி எடுத்தார். இவ்வளவு நேரமும் குழந்தையின் மார்பும் வயிறும் வியர்வை ஈரத்தோடு திறந்து கிடந்தன.

விலாவில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. ஓவர்லாக் நூலின் பல் பல்லான தடம்கூட அதில் தெரிந்தது. அக்குளில் கோடு இன்னும் ஆழம். பிடரியில் லேபிள் இருந்த இடத்தில் தீக்குச்சித் தலை அளவுக்குத் தோல் உரசியிருந்தது. கழுத்து மடிப்பில் பொடிப்பொடியாக வியர்க்குரு. கழற்றிய ஆடையைத் திருப்பி முதுகுப் பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பூமயிர் ஈரத்தில் படுத்து, துணி கனத்து, குளிர்ந்திருந்தது. தொட்டாலே கதகதப்பாக இருக்க வேண்டிய துணி!

அந்த வீட்டில் நோட்டு எழுதியதில் ஒரு தவறும் இல்லை. குழந்தைக்கு வியர்த்தது, குளிரவும் செய்தது.

## நடந்தது என்ன

செவிலியர் அன்று மாலை விளக்கியதையும், நாங்கள் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எடைக்கு ஏற்ற தோல் பரப்பு குழந்தைக்கு நம்மைவிட மிக அதிகம். 3.3 கிலோ குழந்தையின் தோல் பரப்பு சுமார் 0.21 சதுர மீட்டர். 70 கிலோ ஆளுக்குச் சுமார் 1.8. கிலோவுக்குக் கணக்குப் போட்டால் குழந்தைக்கு இரண்டரை மடங்கு வருகிறது. அத்தனை பரப்பிலும் சூடு வெளியே போகும். நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கும். பச்சிளங்குழந்தைக்கு அது சரியாக வராது. பிடரியிலும் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் இருக்கிற பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்கிக்கொள்கிறது. ஆகவே குளிருக்குப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பிறந்த குழந்தையின் இயல்பான வெப்பநிலை என்று சொல்வது 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை. அந்த ஒரு டிகிரிக்குள் நிற்க வேண்டும்.

ஆனால் கையும் காலும் அந்த டிகிரியைக் காட்டாது. முதல் சில மாதங்களில் ரத்த ஓட்டம் உடலின் நடுப்பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கும். அதனால் கை கால் ஜில்லென்று இருப்பதும், லேசாக நீலம் பூப்பதும் ஆரோக்கியமான குழந்தையிடமும் சகஜம். (உதடும் நாக்கும் நீலமானால் அது வேறு விஷயம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.) கையை வைத்து முடிவெடுக்கிற பெற்றோர் ஒரு ஸ்வெட்டர் கூடுதலாகப் போடுகிறார்கள். உடம்பு சூடாகிறது, வியர்க்கிறது. உள்ளே இருக்கிற தடித்த துணி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்கிறது. உடை மாற்றும்போதோ ஸ்வெட்டரைக் கழற்றும்போதோ அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சத் தொடங்குகிறது. கை இன்னும் ஜில்லிடுகிறது. இன்னொரு துணி ஏறுகிறது.

துணி நேரடியாகச் சூடு தருவதில்லை. நூல்களுக்கும் அடுக்குகளுக்கும் இடையே அசையாமல் நிற்கிற காற்றுதான் சூட்டைக் காக்கிறது. அந்த இடத்தில் காற்றுக்குப் பதில் தண்ணீர் புகுந்தால், தண்ணீர் காற்றைப்போல இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். நாங்கள் 280 ஜிஎஸ்எம் போட்டு வாங்கிய கதகதப்பு முழுவதும் வியர்வை வந்ததும் போய்விட்டது.

அதிகச் சூடு வேறொரு காரணத்துக்காகவும் கவலைக்குரியது. தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணத்துக்கான அபாயக் காரணிகளில் அதுவும் ஒன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட தூக்கப் பாதுகாப்பு வழிகாட்டுதல், அதே அறையில் ஒரு பெரியவர் வசதியாக இருக்கத் தேவையான உடைக்கு மேல் ஒரே ஓர் அடுக்குதான் கூடுதலாக வேண்டும் என்கிறது. வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம் என்றும் சொல்கிறது. குழந்தையின் தோல் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு தலை. உடம்பு கூடுதல் சூட்டை வெளியே விடுகிற முக்கியமான வழி அது. நாங்கள் பார்த்த குழந்தை அன்று குல்லாவோடுதான் கிடந்தது.

## எடுத்த முடிவுகள்

துணி. இதில்தான் சண்டை அதிகம். ஆர்டர் கொடுத்தவர் தடிமனைக் குறைக்கச் சம்மதிக்கவில்லை. "மெல்லிசா இருந்தா குளிர்கால உடைன்னு யார் நம்புவாங்க?" என்றார். வெட்டுகிறவர் பாலியெஸ்டர் ஃபிளீஸுக்கு மாறலாம், சீக்கிரம் காயும் என்றார். அது உண்மைதான். ஆனால் பாலியெஸ்டர் தன் எடையில் 0.4 சதவீதம் ஈரத்தைத்தான் காற்றிலிருந்து ஏற்கும். பருத்தி சுமார் 8.5, கம்பளி சுமார் 16. தோலிலிருந்து கிளம்புகிற ஆவியை ஏற்காத துணியை நாள் முழுக்கத் தோலோடு ஒட்டி வைப்பதில் செவிலியருக்கு உடன்பாடில்லை.

அப்படிப் பார்த்தால் மெரினோ கம்பளிதான் முதலில் நிற்க வேண்டும். 19 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழ் இருக்கிற நைசான இழை தோலைக் குத்தாது. கம்பளி அரிக்கும் என்ற பெயர் முரட்டு இழைகளால் வந்தது. ஒரு சாம்பிள் தைத்தும் பார்த்தோம். அருமையான உடை. ஆனால் குழந்தை உள்ளாடையில் பாலும் கக்கலும் மலமும் படும். அதை வீட்டில் வெந்நீரில் போட்டு அலசாமல் இருக்க மாட்டார்கள். எங்கள் சாம்பிளை நாங்களே ஒருமுறை சூடான தண்ணீரில் மெஷினில் போட்டு எடுத்தோம். 62 அளவு பொம்மைக்குப் போடுகிற அளவாகச் சுருங்கித் தடித்து வந்தது. கம்பளியைக் கைவிட்டோம். சுருங்காமல் பதப்படுத்திய மெரினோவை அப்போது தேடிப் பார்க்காமல் விட்டது அவசரம் என்று இப்போது படுகிறது.

கடைசியில் எடுத்தது 190 ஜிஎஸ்எம் இன்டர்லாக் பின்னல் துணி, குட்டை இழைகளைச் சீவி நீக்கிய கோம்டு பருத்தியில். இருபக்கமும் வழவழப்பாக இருக்கும், வெட்டிய ஓரம் சுருளாது, இரட்டைப் பின்னல் என்பதால் நடுவில் காற்றுக்கு இடம் உண்டு. ஆர்டர் கொடுத்தவரைச் சம்மதிக்க வைக்க ஒரு சின்னப் பரிசோதனை செய்து காட்டினோம். ஃபிளீஸிலும் இன்டர்லாக்கிலும் ஒரே அளவு துண்டு வெட்டி, இரண்டிலும் ஒரே அளவு தண்ணீரைத் தெளித்து, கொடியில் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை எடைபோட்டோம். இன்டர்லாக் பழைய எடைக்குத் திரும்பிய பிறகும் ஃபிளீஸின் உள்பக்கம் ஈரமாகவே இருந்தது. அதோடு, பத்துமுறை துவைத்த ஃபிளீஸையும் காட்டினோம். பூமயிர் பாதி படுத்து, பாதி உருண்டு நின்றது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, ஒரு பெட்டியில ரெண்டா கொடுத்துடுங்க" என்றார். ஒரு தடித்த உடைக்குப் பதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடக்கூடிய இரண்டு மெல்லிய உடை. இரண்டுக்கும் நடுவே நிற்கிற காற்று இலவசம். சூடு கூடினால் ஒன்றைக் கழற்றிவிடலாம்.

கழுத்து. கழுத்து விட்டத்தை முதல் பேட்டர்னில் நான் பெரியவர்களின் பனியனைச் சுருக்கிப் போட்டிருந்தேன். வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். பெரியவர் பனியனைத் தானே போட்டுக்கொள்வார். தலையைக் குனிவார், கையை நெளிப்பார். குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்து நிற்காது, உதவியும் செய்யாது. தலைச்சுற்றளவு பிறக்கும்போது 35 சென்டிமீட்டருக்குப் பக்கம், மூன்று மாதத்தில் 40, ஆறு மாதத்தில் 43.

அதனால் அளவுக்கு அளவு வேறு கழுத்து வைத்தோம். 56க்கு முன்பக்கம் குறுக்கே மடித்துப் பக்கவாட்டில் பட்டன் போடுகிற முறை. ஆடையை விரித்து, குழந்தையை அதன்மேல் கிடத்தி, இருபக்கமும் மடித்துவிடலாம். தலை வழியாக எதுவும் போக வேண்டியதில்லை. தொப்புள்கொடி விழாத முதல் வாரங்களில் டயப்பர் ஓரத்தை மடித்துவிட்டுத் தொப்புளைத் திறந்து வைக்கவும் தோது. 62, 68க்கு அது சரிவராது. நான்கு மாதத்துக்குப் பிறகு குழந்தை புரளத் தொடங்கும், மடிப்பு விலகும். அவற்றுக்குத் தோளில் முன்துணியும் பின்துணியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற உறைக் கழுத்து. அகட்டினால் வாய் பெரிதாகும், விட்டால் பழையபடி தோளில் உட்காரும். இன்னொரு வசதியும் உண்டு: டயப்பர் கசிந்து முதுகு வரை ஆகிவிட்டால், ஆடையைத் தலை வழியாக எடுக்காமல் தோளிலிருந்து கீழ்நோக்கி உருவிவிடலாம். அந்தத் தோள் மடிப்பின் உபயோகமே அதுதான் என்று எட்டு வீடுகளில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நானும் அதுவரை அழகுக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

உடம்பின் வாகு. பிறந்த குழந்தை கையை மடக்கி முகத்தருகே வைத்துக்கொள்ளும், காலைத் தவளைபோல மடக்கி வைக்கும். நேராக நிற்கிற உடம்புக்குப் போட்ட பேட்டர்னை அதற்கு மாட்டினால், கை உயரும்போதெல்லாம் ஆடை முழுவதும் மேலே இழுபட்டு, அடிப்பட்டன் தொடையை அழுத்தும். 56 அளவுக்கு ராக்லன் கைக்கு மாறினோம். தையல் கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக ஓடுவதால் தோளில் முடிச்சு விழாது, கையை உயர்த்த இடமும் கிடைக்கும். டயப்பர் பின்னால் புடைத்து நிற்பதால் பின்துணியை முன்துணியைவிட நீளமாக்கினோம்.

தையல். ஓவர்லாக்கை விட்டு பிளாட்லாக். இரண்டு துணி ஓரங்களும் மேடு கட்டாமல் தட்டையாகப் பொருந்தும். தைப்பவருக்கு நேரம் அதிகம் பிடித்தது, முணுமுணுத்துக்கொண்டே தைத்தார். விலாத் தையலை ஒன்றரை சென்டிமீட்டர் முன்பக்கம் தள்ளினோம், மல்லாந்து படுத்தாலும் ஒருக்களித்துப் படுத்தாலும் உடம்பு அதன்மேல் அழுந்தாதபடி. முதுகின் நடுவில் பட்டனோ தையலோ எதுவும் இல்லை. லேபிளை எடுத்துவிட்டு அளவை வெளிப்பக்கமாகத் துணியிலேயே அச்சடித்தோம்.

சாயம். சாயத்தில் நேரத்தைச் செலவிடவில்லை. துணியில் கேடான ரசாயனம் இருக்கிறதா என்று சோதிக்கிற ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100இன் முதல் வகுப்பு, அதாவது மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பிரிவில் தேறிய துணியாக வாங்கினோம். குழந்தை கையில் அகப்பட்ட ஓரத்தைச் சப்பும் என்பதால் எச்சிலில் சாயம் இறங்கக் கூடாது. அதுவும் அந்தப் பரிசோதனையில் அடக்கம்.

## இரண்டாம் சுற்றும் ஒரு சறுக்கலும்

அதே எட்டு வீடுகளுக்கு மறுபடி கொடுத்தோம். மூன்றாம் நாள் ஒரு வீட்டிலிருந்து போன். 68 அளவு, இரண்டாவது துவையலுக்குப் பிறகு தலைக்குள் போகவில்லை.

உறைக் கழுத்து போட்டும் எப்படி? ஆடையை வரவழைத்துப் பார்த்ததில் காரணம் இரண்டு. கழுத்தை நான் மேசையில் தளர்வாக வைத்து அளந்திருந்தேன். இழுத்துப் பிடித்து அளக்கவில்லை. தலை நுழையும்போது முக்கியம் இழுத்த அளவுதான். அடுத்தது, ஓரத்துக்கு வைத்த ரிப் பட்டியை (நன்றாக இழுபடுகிற வரிப் பின்னல் பட்டி) தைப்பவர் கொஞ்சம் கூடுதலாக இழுத்துப் பிடித்துத் தைத்திருந்தார். பார்வைக்கு அது அழகாக உட்கார்ந்திருந்தது. துவைத்ததும் பட்டி சுருங்கி, தையல் நூலுக்கும் நீளம் போதாமல், கழுத்து விரியும் எல்லையே குறைந்துவிட்டது. பெயருக்குத்தான் உறைக் கழுத்து.

அன்றிலிருந்து அளவுப் பட்டியலில் "கழுத்து, மூன்று துவையலுக்குப் பின், இழுத்த நிலையில்" என்று ஒரு வரி சேர்ந்தது. 68க்கு அது 52 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ரிப் பட்டியில் 5 சதவீதம் எலாஸ்டேன் என்ற நீளும் இழை சேர்த்தோம், விரிந்தது திரும்பி வரும் என்பதற்காக. துணியையும் வெட்டுவதற்கு முன்பே சுருக்கம் பார்த்து, காம்பாக்டிங் செய்ததை, அதாவது பிறகு சுருங்காதபடி மில்லிலேயே அமுக்கிச் சுருக்கியதை, மட்டும் எடுத்தோம்.

இதே சுற்றில், அடிப்பட்டனைச் சுற்றித் துணி கிழியத் தொடங்கியது இரண்டு வீடுகளில் தெரிந்தது. பனியன் துணியில் பிரஸ் பட்டனை வெறுமனே அடித்தால், தினமும் ஐந்தாறு முறை பிடித்து இழுப்பதில் ஓட்டை பெரிதாகும். ஒருநாள் பட்டன் கழன்று குழந்தையின் வாய்க்கும் போகலாம். உள்ளே இன்டர்லைனிங் பட்டை (துணிக்கு உறுதி தருகிற உள்துணி) வைத்து இரண்டு மடிப்பாகத் தைத்து அதன்மேல் பட்டன் அடித்தோம். இது எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவசரத்தில் விட்டிருந்தோம்.

திருத்திய ஆடைகளோடு இரண்டு வாரம் கழித்து நோட்டுகள் வந்தன. விலாத் தடம் எந்த வீட்டிலும் இல்லை. உடுத்தும்போது அழுகை பல வீடுகளில் குறைந்திருந்தது. ஒரு வீட்டில் மட்டும் பழையபடி. அந்தக் குழந்தைக்கு உடை மாற்றுவதே பிடிக்காது என்று தாயே எழுதியிருந்தார். பிடரி ஈரம் ஆறு வீடுகளில் நின்றுவிட்டது. மீதி இரண்டு வீடுகளில் தொடர்ந்தது, வியர்க்குருவும் கூட.

## அந்த இரண்டு வீடுகள்

இரண்டு வீடுகளிலும் நாங்கள் கொடுத்த இரண்டு உடைகளையும் ஒன்றாகப் போட்டு, அதற்கு மேல் வழக்கமான ஸ்வெட்டரையும் போட்டிருந்தார்கள். மெல்லிசாக இருக்கிறதே என்ற பயம். ஒரு வீட்டில் பாட்டி இரவில் எழுந்து குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்து, சாக்ஸின் மேல் சாக்ஸ் மாட்டியிருந்தார். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எதைத் தொட வேண்டும் என்று நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னது அந்த ஒரு வீட்டில், அதுவும் செவிலியர் வாய்மொழியாக.

பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டு வைப்பது என்று முடிவாயிற்று. என் முதல் வரைவு இரண்டு பக்கம் வந்தது. பழுப்புக் கொழுப்பெல்லாம் எழுதியிருந்தேன். செவிலியர் படித்துவிட்டு, நள்ளிரவில் ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரி எழுதச் சொன்னார். முடிவில் நின்றது இவ்வளவுதான்:

"கை காலைத் தொட்டு முடிவு செய்யாதீர்கள். பிடரியிலோ மார்பிலோ இரண்டு விரல் வையுங்கள். ஈரமாகவோ சூடாகவோ இருந்தால் ஓர் உடுப்பைக் கழற்றுங்கள். ஜில்லென்று இருந்தால் ஒன்றைக் கூடுதலாகப் போடுங்கள். நீங்கள் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு அதிகம் போதும். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம். ஈரமான உள்ளாடையை உடனே மாற்றுங்கள்."

கூடவே பிடரியில் இரண்டு விரல் வைத்த ஒரு கோட்டுப் படம். சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்த வாரமே அந்த இரண்டு வீடுகளில் ஒன்றில் பிடரி ஈரம் நின்றது. இன்னொன்றில் இரவில் மட்டும் இருந்தது. அங்கே அறை ஹீட்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்ததைச் செவிலியர் போய்ப் பார்த்துத் தள்ளி வைக்கச் சொன்னார்.

## மறுபடி செய்வதாக இருந்தால்

முதலில் துணியை மேசையில் வைத்துத் தடவிப் பார்க்க மாட்டோம். நனைத்து, அரை மணி கழித்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். அந்த ஒரு காரியத்தை முதல் நாளே செய்திருந்தால் ஒரு சுற்றே மிச்சமாகியிருக்கும்.

வீடுகளுக்குப் போவதை முதல் வாரம் முடியும்வரை தள்ளிப்போட்டது தவறு. நோட்டில் "அழுதது" என்று ஒரு சொல்லாக இருந்தது, நேரில் பார்த்தபோதுதான் கழுத்து நெற்றியில் மாட்டியது என்று தெரிந்தது. இரண்டாம் சுற்றிலும் எல்லா வீடுகளுக்கும் போகவில்லை. போயிருந்தால் சாக்ஸின் மேல் சாக்ஸ் அப்போதே கண்ணில் பட்டிருக்கும்.

எட்டு வீடு என்பது சிறிய எண்ணிக்கை. கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய் உள்ள குழந்தை அதில் ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்ட தோலுக்கு இந்தத் துணியும் தையலும் எப்படி என்பதை இந்த அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. பதப்படுத்திய மெரினோவில் ஒரு சாம்பிள் தைக்க நூல் கேட்டிருக்கிறோம்.

கைமுனை இன்னும் முடியவில்லை. நகம் கீறாமலிருக்க விரலை மூடுகிற மடிப்பு வைக்க வேண்டும் என்று ஐந்து தாய்மார் எழுதியிருந்தார்கள். வைத்தால் குழந்தையால் கையைச் சப்ப முடியாது, ஈரமும் மடிப்பில் தங்கும் என்கிறார் செவிலியர். திறந்தும் மூடியும் வைக்கக்கூடிய மடிப்பு ஒன்றை 56 அளவுக்கு மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன். தைப்பவர் அதைப் பார்த்துவிட்டு, இந்த இடத்தில் பிளாட்லாக் மெஷினின் பாதம் திரும்பாதே என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். மடிப்பை அரை சென்டிமீட்டர் அகலமாக்கி மறுபடி வெட்ட வேண்டும்.